எட்டுக்குப் பதில் மூன்று

அந்த வெள்ளிக்கிழமை, வாடிக்கையாளர் சிட்னியிலிருந்து வந்து விமானத்தின் இடது பக்கத்துக்கு முன்னால் நின்றார். பிறகு தொலைபேசியில் ஒரு பழைய படத்தைத் திறந்து எங்கள் முதலாளி கிரெய்க்கிடம் நீட்டினார்.

"நீங்கள் மூன்று போட்டிருக்கிறீர்கள். எட்டு அல்லவா வர வேண்டும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பத்தடி தள்ளி நின்ற எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. இதை மறைத்து எழுதினால், எழுதாமலே இருக்கலாம். துணிப் பகுதிக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அந்தச் சந்தோஷத்தின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எங்கள் வேலை

என் பெயர் பவானி. நோபல் பார்க்கில் இருக்கிறேன். முதலில் டண்டினோங்கில் ஒரு திரைச்சீலைத் தொழிற்சாலையில் தைத்தேன். பிறகு நகரத்தின் மறு கோடியில், ட்ருகனினாவில் ஒரு வேலைத்தளத்தில் சேர்ந்தேன். பழைய விமானங்களைத் திருத்துவதும், அழிந்து போனவற்றை அதே அளவில் திரும்பச் செய்து கொடுப்பதும் அவர்கள் தொழில். சென்ற வருடம் ஓய்வு பெறும்வரை அங்கே துணிப் பகுதியில் இருந்தேன்.

அந்தக் காலத்து விமானத்துக்கு எலும்பு மரமும் இரும்புக் குழாயும். தோல் லினன் துணி. அதைக் கையால் தைத்து இழுத்து, மேலே டோப் என்கிற லக்கரைப் பல தடவை பூசினால் மேளம் போல இறுகிவிடும். புதிதாக வருகிறவர்கள் "துணியா?" என்று சிரிப்பார்கள். அந்தத் துணியை நம்பித்தான் ஆட்கள் மேலே போனார்கள்.

நான் சொல்லப் போகிற விமானம் ஒரு இரட்டை இறக்கைப் போர் விமானம். இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே பிரிட்டனில் ஒன்றே ஒன்று செய்தார்கள். அப்போதெல்லாம் கம்பனிக்காரர்கள் இப்படிப் புது விமானம் ஒன்றைச் செய்து, வருடாந்த விமானக் காட்சியில் சனத்துக்கு முன்னால் பறக்க விடுவார்கள். விமானப்படைக்குப் பிடித்தால் நூற்றுக்கணக்கில் ஓடர் வரும். பிடிக்காவிட்டால் அந்த ஒன்றோடு சரி. படையில் சேராத இந்தப் புது வரவுகளின் பக்கவாட்டில் ஓர் ஆள் உயரத்துக்குக் கிட்ட ஒரு இலக்கம் எழுதியிருப்பார்கள். சனம் அந்த இலக்கத்தைக் காட்சிப் புத்தகத்தில் தேடி, இது இன்ன விமானம் என்று அறிந்துகொள்ளும். வருடத்துக்கு வருடம் இலக்கம் மாறும்.

எங்கள் விமானம் இரண்டு வருடம் காட்சிக்குப் போனது. முதல் வருடம் என்ஜின் மூடாமல் திறந்து கிடந்தது, இலக்கம் மூன்று. அடுத்த வருடம் என்ஜினைச் சுற்றி ஒரு உலோக வளையம் போட்டுக்கொண்டு போனார்கள், இலக்கம் எட்டு. இரண்டு தடவையும் ஓடர் வரவில்லை. வேறு கம்பனியின் விமானத்தை வாங்கிக்கொண்டார்கள். அதைக் கேட்டபோதே எனக்கு இந்த விமானத்தின் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. சிட்னியில், செவன் ஹில்ஸில் சொந்தமாக ஒரு காட்சிக்கூடம் வைத்திருந்த எங்கள் வாடிக்கையாளர் கேட்டது வளையம் போட்ட, இரண்டாம் வருடத்து விமானத்தை.

2. நைஸும் பியூட்டிஃபுல்லும்

விமானி அமரும் இடத்திலிருந்து வால் வரை இடது பக்கத் தையல் என்னுடையது. மூன்று கிழமை தைத்தேன். நீட்டு ஊசி, மெழுகு நூல், ஒவ்வொரு முடிச்சும் ஒரே இறுக்கம். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல தையல் நான் தைத்ததில்லை. கிரெய்க் வந்து பார்த்தார். "நைஸ், பவ்" என்றார். போய்விட்டார்.

அந்த மாதம்தான் நசீமா வேலைக்கு வந்தாள். நாற்பத்திரண்டு வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பனியில் தோலைக் கையால் தைத்துப் பழகியவள். தோலைத் தைத்த கைக்குத் துணி ஒரு பொருட்டா? அவள் முடித்த முதல் இறக்கையைப் பார்த்து கிரெய்க், "பியூட்டிஃபுல், நசீமா, பியூட்டிஃபுல்!" என்றார். ஒன்றல்ல, இரண்டு. பதினொரு வருடத்தில் எனக்கு ஒரு பியூட்டிஃபுல் கிடைத்ததில்லை.

போதாக்குறைக்கு அவள் வீடு ட்ருகனினாவிலேயே, ஐந்து நிமிட ஓட்டம். மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சுடச்சுடச் சாப்பிட்டு வருவாள். நான் விடியற்காலை எழும்பி, வெஸ்ட் கேட் பாலத்தில் நெரிபட்டு வந்து, ஆறிய புட்டைச் சாப்பிடுவேன். இதற்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் வயிறு எரிந்தது.

வீட்டில் என் மனுசன் கேட்டார். "ஏனப்பா முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருக்கிறீர்?"

"அவளுக்கு பியூட்டிஃபுல். எனக்கு நைஸ்."

"நைஸ் எண்டாலும் நல்லதுதானே."

"உங்களுக்கு ஒண்டும் விளங்காது!"

அவருக்கு நான் சொல்லாத ஒரு காரணம் இருந்தது. எங்கள் பகுதியின் லீடிங் ஹேண்ட், அதாவது பொறுப்பாளர், அந்த வருடம் விலகிப் போக இருந்தார். விமானத்தை ஒப்படைத்த பிறகு எங்கள் இருவரில் ஒருவரை அந்த இடத்துக்கு எடுப்பதாக கிரெய்க் சொல்லியிருந்தார். பதினொரு வருடம் நான் காத்திருந்த இடம் அது. நேற்று வந்தவள் அதில் ஏறி இருக்கப் போகிறாளே என்பதுதான் என் எரிச்சல்.

3. இரண்டாவது பெட்டி

விமான வேலையில் ஒவ்வொரு ஜொப் கார்டிலும், அதாவது வேலைச் சீட்டிலும், இரண்டு பெட்டி இருக்கும். செய்தவர் ஒன்றில் ஒப்பம் வைப்பார். சரி பார்த்தவர் மற்றதில் வைப்பார். இரண்டும் இல்லாமல் வேலை நகராது.

வெள்ளி நிறம் பூசிய துணியில் கறுப்பு இலக்கம் அடிக்கும் வேலை நசீமாவுக்கு வந்தது. எங்களிடம் இரண்டு பழைய படங்கள் இருந்தன. முதல் வருடத்துப் படம் தெளிவானது. இரண்டாம் வருடத்துப் படத்தில் ஒரு தொப்பிக்காரர் குறுக்கே நின்று இலக்கத்தில் பாதியை மறைத்துக்கொண்டிருந்தார். இலக்கம் வருடத்துக்கு வருடம் மாறும் என்பது தெரியாமல், அவள் தெளிவான படத்தைப் பார்த்து அச்சுத் தாளில் மூன்றை வெட்டியிருந்தாள்.

"அக்கா, நாளைக்கு ஸ்ப்ரே பண்ணப் போறேன். நம்பர் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்து சைன் பண்றீங்களா?"

துணியில் ஒட்டியிருந்த அச்சைப் பார்த்தேன். மூன்று. தலையைத் திருப்பினேன். முன்னால் என்ஜினைச் சுற்றி வளையம். வளையத்தோடு மூன்று வராது, எட்டுத்தான் வரும். அந்தப் படங்களை மாதக்கணக்காகப் பார்த்த எனக்கு அது ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து கிரெய்க் பக்கத்தால் போனார். அச்சின் விளிம்பைக் குனிந்து பார்த்து, "பியூட்டிஃபுல்" என்றார்.

"ஓம், வடிவாத்தான் இருக்கு. அடியுங்கோ" என்றேன். இரண்டாவது பெட்டியில் என் ஒப்பத்தை வைத்தேன். வாடிக்கையாளர் வந்து பிழை பிடிக்கட்டும், இவள் தலை குனியட்டும் என்பதற்கு மேல் என் புத்தி ஓடவில்லை.

அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. வாடிக்கையாளர் போன பிறகு கிரெய்க் கார்டை எடுத்தார். இரண்டு பெட்டியையும் வாசித்தார். "பவ், வளையத்தைக் கவனிக்கவில்லையா?"

"சொறி, கண்ணில் படவில்லை" என்று பொய் சொன்னேன். நசீமா தலை குனிந்துதான் நின்றாள். ஆனால் "நான் இவங்களத்தான் கேட்டேன்" என்று அவள் சொல்லவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

அது தட்டைத் தலை மூன்று, அதையே எட்டாக மாற்ற வழியில்லை என்று திங்கட்கிழமை இலக்கத்தைத் தேய்த்து எடுக்கப் பார்த்தார்கள். கறுப்பு, வெள்ளிக்குள் ஊறிப்போயிருந்தது. மேலே எத்தனை தடவை பூசினாலும் மூன்றின் விளிம்பு தெரிந்தது. கிரெய்க் பெருமூச்சு விட்டார். "இந்தப் பக்கத்துத் துணி முழுவதையும் கழற்ற வேண்டும்."

இடது பக்கம். ஐயோ கடவுளே, என் தையல்! எதிரிக்குச் சகுனப் பிழையாக வேண்டும் என்று தன் மூக்கை அறுத்தவனின் கதை எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். தெரிந்து என்ன பயன்?

4. பிரித்த தையல்

பிரிக்க எங்கள் இருவரையும் விட்டார்கள். நான் வாலிலிருந்தும் அவள் முன்னாலிருந்தும் தொடங்கினோம். அவள் பிளேடை வைத்துவிட்டு வெட்டாமல் நின்றாள்.

"மனசு வரலக்கா. காலையில வந்ததும் முதல்ல இதத்தான் பாப்பேன். இந்த மாதிரி முடிச்சு எனக்கு விழல. சொன்னா சிரிப்பீங்க, உங்க கையப் பாத்து எனக்கு அவ்ளோ பொறாமை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நசீமா, எட்டு எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் ஒப்பம் வைச்சனான்."

அவள் என்னையே பார்த்தாள். "உங்ககிட்டதானேக்கா கேட்டேன்" என்றாள். வெளியே போய்விட்டாள்.

நான் கிரெய்க்கின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "இது ஒரு கூடத்தில் தொங்கப் போகிற விமானம், பவ். இதே கார்டுதான் பறக்கிற விமானத்துக்கும்" என்றார். எங்கள் வேலைத்தளத்தில் பறக்கிற விமானங்களும் இருந்தன. அவற்றின் கார்டுகளிலும் என் ஒப்பம் இருந்தது.

பொறுப்பாளர் வேலை நசீமாவுக்குப் போனது. யாரைக் குறை சொல்ல? இரண்டு கிழமை அவள் என்னோடு வேலைக்கு வேண்டிய வார்த்தைகளைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. புதுத் துணி போட்டு அதே தையலை நான் திரும்பத் தைத்தேன். அது முதல் தையல் போல வரவில்லை.

முடித்த அன்று கார்டைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். இப்போது இரண்டாவது பெட்டி அவளுடையது. பழி வாங்க வேண்டுமென்றால் இருபது குற்றம் சொல்லலாம். பரிதாபப்பட்டால் பார்க்காமலே ஒப்பம் வைக்கலாம். அவள் விமானி இருக்கையிலிருந்து வால் வரை ஒவ்வொரு முடிச்சாக விரலால் தொட்டுக்கொண்டே போனாள். வாலுக்குக் கிட்டப் போய் நின்றாள்.

"அக்கா, இந்த நாலு முடிச்சு லூசா இருக்கு. பிரிச்சுத் தைச்சிடுங்க."

மற்ற முடிச்சுகளைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. தொட்டுப் பார்த்தேன். நாலும் தளர்வாகத்தான் இருந்தன. எரிச்சல் வந்தது. இன்றைக்கும் அவளை நினைத்தால் கொஞ்சம் வருகிறது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்து, நாலையும் பிரித்துத் தைத்தேன். அவள் திரும்ப வந்தாள், நாலையும் தொட்டுப் பார்த்தாள், அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்தாள்.