தானாக மூடும் கேட்

ஐந்து மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை, காபி டம்ளரோடு தோட்டத்துப் பக்கம் போனேன். என் பூசணிக் கொடியைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு கிடா நின்று, கடைசி இலையை மென்றுகொண்டிருந்தது.

கம்பை எடுத்தேன். உடனே கீழே போட்டுவிட்டேன். ஏன் என்கிறீர்களா? அது கோயில் ஆடு.

பாளையங்கோட்டைக் கிறிஸ்தவர்களான நாங்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். வருஷத்துக்கு ஒருமுறை அங்கே அறுப்பின் பண்டிகை. அவரவர் தோட்டத்தில் விளைந்த முதல் காயை, முதல் குலையைக் காணிக்கையாகக் கொண்டுபோவோம். ஆராதனை முடிந்ததும் முற்றத்துப் பந்தலில் அதை ஏலம் விடுவார்கள். யாரோ ஒரு புண்ணியவான் பண்டிகைக்கென்று இந்தக் கிடாவை முன்கூட்டியே நேர்ந்து விட்டிருந்தார். அதை யாரும் கட்டிப்போடுவதில்லை, அடிப்பதுமில்லை.

ஆக... ஆண்டவருக்கு நேர்ந்த ஆடு, ஆண்டவருக்கு நான் நேர்ந்த பூசணியைத் தின்கிறது. இந்த வழக்கை யாரிடம் கொண்டுபோவது?

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் — மூன்று வருஷமாக நான் காணிக்கையாகக் கொடுத்தது என் தோட்டத்துக் காயே இல்லை. ஒரு வருஷம் மாடு தின்றது, ஒரு வருஷம் பன்றி கிளறியது, ஒரு வருஷம் வேறொரு ஆடு. பண்டிகைக்கு முந்தின நாள் மார்க்கெட்டுக்குப் போய், மண் ஒட்டிய காயாகப் பார்த்துப் பொறுக்கி வருவேன். "டீச்சர் தோட்டத்துப் பூசணி" என்று ஏலம் கூறும்போது தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். வெட்கம்.

இந்த வருஷம் விடுவதில்லை. வேலி போட்டே தீருவது என்று முடிவு செய்தேன்.

வேலி என்றதும் எத்தனை யோசனைகள்! காம்பவுண்டு சுவர் என்றார் என் வீட்டுக்காரர். செடிக்கு வெயில் வேண்டாமா? பனைமட்டை வேலி என்றார் எதிர்வீட்டு சார். ஒரு மழைக்குப் பிறகு கரையான் அரித்துவிடும். கிளுவைக் கம்பு ஊன்றினால் அழகுதான்... ஆனால் அது துளிர்த்து நெருங்குவதற்குள் பண்டிகை வந்துவிடும். முள்கம்பி? கோயில் ஆட்டுக்குக் காயம் பட்டால் பாவம் என் தலையில். கடைசியில் கல்தூண் நட்டு, ஐந்தடி உயரத்துக்குக் கம்பி வலை கட்டினோம். அடியில் அரையடியை மண்ணுக்குள் புதைத்தோம். முன்னால் இரும்புக் கேட். புது விதை ஊன்றினேன்.

பத்தே நாள். கிடா மறுபடி உள்ளே நின்றது. இந்த முறை கத்தரிக் கொழுந்து.

கேட் செய்த வெல்டிங் பட்டறை அண்ணாச்சியை வரவழைத்துச் சத்தம் போட்டேன். அவர் வேலியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கேட் முன்னால் வந்து நின்றார்.

"டீச்சர், வேலியில ஒரு கொறையும் இல்ல. ஆடு நம்மள மாதிரி கேட் வழியாத்தான் வருது."

"அதான் கொண்டி இருக்கே அண்ணாச்சி?"

"கொண்டி இருக்கு. போடுதது யாரு?"

யார்? கேஸ்காரர் போடுவதில்லை, பேப்பர்காரர் போடுவதில்லை. திறக்கும்போது இருந்த கை, மூடும்போது எங்கே போகிறது? 'கேட்டை மூடவும்' என்று போர்டு எழுதி மாட்டினேன். மறுநாளே கேட் 'ஆ'வென்று கிடந்தது. வாக்கிங் போன என் வீட்டுக்காரரின் வேலை! "இப்ப வந்திருவோம்லான்னு நெனச்சேன்" என்றார். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் சொல்ல?

முப்பது வருஷம் வகுப்பில் புத்திமதி சொன்னவள் நான். அனுபவத்தில் சொல்கிறேன் — மனிதர்களைத் திருத்துவதைவிடக் கேட்டைத் திருத்துவது சுலபம்.

"அண்ணாச்சி, யாரும் மூடாமலே மூடுத மாதிரி செய்ய முடியாதா?"

"முடியும். மேல் கீலைக் கொஞ்சம் தள்ளி வச்சா கேட் சாஞ்சு நிக்கும். கைய விட்டா தன்னால வந்து அடைஞ்சு, கொண்டியும் விழுந்திரும். ஆனா கார எடுக்கையில ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். உங்க வீட்டு சார் சடைப்பாங்க."

"சடைக்கட்டும்."

சடைத்தார், சலித்துக்கொண்டார். இரண்டு கையிலும் பையோடு வந்தவரின் முதுகில் கேட் ஒன்று வைத்தது. "ஒத்தப் பூசணிக்காய்க்கு இந்தப் பாடா?" என்றார். ஆமாம் என்றேன். கிடாவும் வந்து நாலைந்து முறை முட்டிப் பார்த்தது. கொண்டி அசையவில்லை.

கொடி ஓடியது. பிஞ்சுகள் வெம்பி விழுந்தன... ஒன்று மட்டும் நின்று பிடித்தது. தினமும் காலையில் முதல் வேலையாக அதைத் தொட்டுப் பார்ப்பேன்.

போன ஞாயிறு பண்டிகை. ஏலம் கூறும் பெரியவர் என் பூசணியை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார்.

"நம்ம டீச்சர் தோட்டத்துக் காயி! வருஷா வருஷம் தவறாம கொண்டாந்திருதாங்க!"

பேசாமல் இருந்திருக்கலாம். இந்த வருஷம் அது உண்மைதானே? ஆனால் அந்த 'வருஷா வருஷம்' குத்தியது. எழுந்துவிட்டேன்.

"தன்னால மூடுத கேட் போட்டதுல இந்த வருஷந்தான் என் தோட்டத்துக் காய். முந்தின மூணு வருஷமும் மார்க்கெட்ல வாங்கினது. மன்னிச்சுக்கிடுங்க."

முகம் சுட, உட்கார்ந்தேன். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏலத்தைத் தொடங்கினார்.

பக்கத்து நாற்காலி அம்மா பைய என் பக்கம் சாய்ந்தார். அடுத்து ஏலத்துக்கு வரவேண்டியது அவர் வீட்டு வாழைக்குலை. முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு கேட்டார்:

"டீச்சர்... கேட் போட்ட அண்ணாச்சி நம்பர் இருக்கா?"