ப்ளீசிங் அப்பியரன்ஸுக்கு நான் பட்ட பாடு

விளம்பரம் நாலே வரி. மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு விடுதிக்கு வரவேற்பாளர் வேண்டும். பெண்ணாக இருக்க வேண்டும், பட்டதாரியாக இருக்க வேண்டும், ஆங்கிலம் பேச வேண்டும், ப்ளீசிங் அப்பியரன்ஸ் இருக்க வேண்டும். தொண்ணூறுகளின் கடைசி அது. நான் பி.ஏ. முடித்துவிட்டு செங்கல்பட்டில் வீட்டோடு கிடந்தேன். முதல் மூன்றும் என்னிடம் இருந்தன. நாலாவதுக்கு எந்த ஆபீசில் சர்டிபிகேட் வாங்குவது என்று தெரியவில்லை.

அந்த வேலை எனக்கு வேண்டும். ஏனென்றால் அது முன்வாசல் வேலை. அம்மா களையெடுக்கப் போன காலத்தில் கூலிக்காகப் பண்ணைவீட்டுக் கொல்லையில் நிற்பாள். பிறகு ஒரு ஆஸ்பத்திரியில் ஆயாவானாள். அங்கேயும் பின்பக்க கேட்தான். எங்கள் குடும்பத்தில் யாரும் முன்வாசல் வழியாக வேலைக்குப் போனதில்லை. ஒரு கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு முன்பக்கமாக உள்ளே போக வேண்டும் என்று எனக்கு வெறி. வேறு லட்சியம் கிட்சியம் எதுவும் கிடையாது.

நூலகத்துக்குப் போய்த் தடி அகராதியை இறக்கிப் பார்த்தேன். அப்பியரன்ஸ் என்ற ஒரு வார்த்தைக்குப் பின்னால் லுக், ஏர், ஆஸ்பெக்ட், செம்ப்ளன்ஸ், கைஸ் என்று ஒரு பட்டாளமே நின்றது. செம்ப்ளன்ஸ் என்றால் இருப்பதுபோலத் தெரிவது. நிஜத்தில் இல்லாமலும் இருக்கலாம். கைஸ் என்றால் வேஷம். அகராதி போட்டவன் ஒழுங்காகத்தான் எச்சரித்திருக்கிறான். எனக்குத்தான் புத்தி இல்லை.

எங்கள் தெருவின் அகராதி வேறு. பர்சனாலிட்டி என்றால் உயரமும் கொஞ்சம் தொப்பையும். டீசன்ட் என்றால் துப்பட்டாவின் இரண்டு பக்கமும் பின் குத்தியிருப்பது. ஸ்மார்ட் என்றால் மூக்கு எடுப்பாக இருப்பது. லுக் என்பது பஸ் ஸ்டாண்டில் சண்டை ஆரம்பிக்கிற வார்த்தை. இவை எல்லாவற்றையும் பிழிந்தால் கடைசியில் வருவது கலர். "பொண்ணு கலரா கீது" என்றால் வெள்ளை. கறுப்பும் கலர்தான். ஆனால் எங்கள் ஊரில் அதை யாரும் கலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

நான் நல்ல கறுப்பு.

பக்கத்து வீட்டில் கோர்ட்டு குமாஸ்தா ஒருவர் இருந்தார். அவரிடம் கேட்டேன். "அப்பியரன்ஸ் இன்னா பெரிய அப்பியரன்ஸ்! வாய்தா அன்னிக்கு வக்கீல் போய் நின்னா, அதான் அப்பியரன்ஸ். நீயும் போய் நில்லும்மா, போதும்" என்றார். எனக்குக் கிடைத்த யோசனைகளிலேயே உருப்படியானது அது ஒன்றுதான். அதைத்தான் நான் கேட்கவில்லை. அண்ணி சொன்னதைக் கேட்டேன்.

"சும்மா பவுடர் அடிச்சிக்கினு போனா வேலைக்காவாது. பார்லருக்கு வா, ப்ளீச் பண்ணிக்கலாம்" என்றாள் அண்ணி. புதிதாகத் திறந்த பார்லர். ஒரு வீட்டின் முன்னறையில் பச்சைத் திரை கட்டியிருந்தார்கள். பார்லர்க்காரம்மா என் முகத்தில் எதையோ குழைத்துப் பூசினாள்.

"எரியுதுங்க."

"எரியட்டும். எரிஞ்சாத்தான் பிடிக்குதுன்னு அர்த்தம்."

"ரொம்ப எரியுதுங்க!"

"அப்ப ரொம்ப நல்லா பிடிச்சிருக்கு."

மறுநாள் காலை கண்ணாடியில் பார்த்தேன். நெற்றியிலிருந்து தாடை வரை சிவந்து வீங்கி, கொப்புளம் கொப்புளமாக இருந்தது. கழுத்து மட்டும் பழைய கறுப்பில் அப்படியே நின்றது. யாரோ ஒருத்தியின் தலையை என் கழுத்தில் வைத்த மாதிரி. இன்டர்வியூ பதினொரு மணிக்கு.

அம்மா முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். "ஆஸ்பத்திரில இதைவிட மோசம்லாம் பாத்துக்கீறேன்" என்றாள். அதை ஆறுதல் என்று நினைத்துச் சொன்னாள். அண்ணி அந்தப் பக்கமே வரவில்லை.

பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கண்டக்டர் டிக்கெட்டைக் கையில் கொடுக்காமல் சீட்டில் வைத்தார். "அம்மை போட்டுக்கீது, வேப்பிலைல படுக்காம இன்னாத்துக்குமா பஸ் ஏர்றே?" என்றார். ப்ளீச் என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. திருக்கழுக்குன்றத்தில் கூடையோடு ஏறிய ஒரு பெண், என்னைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தாயே, என் பையனுக்கு வேலை கெடைக்கணும்" என்று கும்பிட்டாள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள். அதைவிட, எனக்கே இன்னும் வேலை கிடைக்கவில்லை. கோபத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்று பேர் சீட்டில் தனியாக உட்கார்ந்து மாமல்லபுரம் வரை போனேன்.

விடுதியின் கண்ணாடிக் கதவைத் தொடுவதற்குள் மேனேஜர் உள்ளேயிருந்து கையைக் காட்டி நிறுத்தினார். மூக்கில் கைக்குட்டை.

"இது அம்மை இல்ல சார். ப்ளீச்."

"சரிம்மா, சரி. அங்கேயே நில்லு."

திருப்பி அனுப்பியிருப்பார். நான் போக மாட்டேன் என்று நின்றேன். கடைசியில் கேட்டில் இருந்த வாட்ச்மேனின் கூண்டில் என்னை உட்கார வைத்து, இன்டர்காமில் இன்டர்வியூ நடத்தினார். வாட்ச்மேன் பத்தடி தள்ளி வெயிலில் நின்றுகொண்டு, "அண்ணாத்தைக்குப் பேஜாரு குடுக்கிறியேம்மா" என்றார்.

"வெந்நீர் வரலன்னு ஒரு கெஸ்ட் கத்துறார். என்ன சொல்வே?" என்றது போன்.

இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டு, ஐந்து நிமிடத்தில் ஆள் வரும், வராவிட்டால் நானே வாளியில் கொண்டு வருவேன் என்றேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். வேலை கிடைத்தது. டெலிபோன் ஆபரேட்டர் வேலை. மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத அறை, போக வரப் பின்பக்க கேட். ரிசப்ஷனுக்கு வேறு பெண்ணைப் போட்டுவிட்டார்கள்.

சம்பளம் வேண்டுமே, சேர்ந்தேன். தோல் உரிந்து உரிந்து விழுந்தது. இரண்டு வாரத்தில் என் கறுப்பு முழுசாகத் திரும்பி வந்தது. ஒருநாள் ஸ்டாஃப் கேன்டீனில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேனேஜர் வந்தார்.

"யாரும்மா நீ? புதுசா?"

"டெலிபோன் சார்."

உற்றுப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கே! ப்ளீசிங்காத்தானே இருக்கே! அப்புறம் எதுக்கும்மா அன்னிக்கு அப்படி வந்தே? இதே மாதிரி வந்திருந்தா ரிசப்ஷன்லயே போட்டிருப்பேனே."

"நீங்க பேப்பர்ல போட்டதைப் படிச்சிட்டுத்தான் சார் அப்படி வந்தேன்."

கேன்டீனில் இருந்த அத்தனை பேரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். அவர் சொன்னது நிஜமா, சும்மா வாய் உபசாரமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பாதிக்கு மேல் பொய்தான் என்று நினைக்கிறேன். ஆனால் சாட்சிகள் இருந்தார்கள். விடுவேனா?

"அப்ப ஞாயித்துக்கிழமை கவுண்டர்ல நான் நிக்கறேன் சார். அந்தப் பொண்ணுக்கு அன்னிக்கு லீவு."

அவர் சுற்றிலும் பார்த்தார். "ம்... நில்லேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவில்லை. முகத்தில் பவுடர்கூடப் போடவில்லை. பின்பக்கச் சந்தில் திரும்பாமல் நேராக முன்பக்க கேட்டுக்கு நடந்தேன். கூண்டிலிருந்து அதே வாட்ச்மேன் எழுந்து சல்யூட் அடித்தார்.

"ரூம் புக் பண்ணிக்கிறீங்களா மேடம்?"

"நான்தான் அண்ணாத்த. அன்னிக்கு உங்க கூண்டுல உக்காந்து பேசினேனே, அந்த அம்மைக்காரி."

சல்யூட் அடித்த கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாகக் கீழே வந்தது.

"அட, நீயா! எறங்கிடுச்சாம்மா?"

"எறங்கிடுச்சு" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளினேன்.