கரீம் பாய் போட்ட ரிங் சரியாகத்தான் இருந்தது

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு போன் வந்தது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற வீடு எங்களுடையது. சோற்றில் கை வைத்திருந்தேன். "சார், மாமா மவுத்தாயிட்டாரு" என்றார் கரீம் பாயின் மருமகன். பிசைந்த சோறு தட்டிலேயே இருக்க, இருட்டிவிட்டது. அன்றைக்குச் சாப்பாடு அவ்வளவுதான்.

மறுநாள் செஞ்சியில் அடக்கம். முடிந்து வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒருவர் சொன்னார்: "ஜாம் பாய்க்கு மண்ணு தள்ளியாச்சு. நல்ல மனுஷன். ஆனா அந்த ரேஸ் இஞ்சின்ல கோட்டை வுட்டுட்டாரு." ஜாம் பாய் என்பது கரீம் பாய்க்கு ஊர் வைத்த பட்டப்பெயர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சொன்னவர் மேல் கோபமில்லை. நாற்பது வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்த என் மேல்தான். கரீம் பாயை அறிந்த உங்கள் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் செஞ்சியில் சயின்ஸ் வாத்தியார். மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பம். பாய்க்கும் எனக்கும் ஒரே வயசு. கிணற்று மோட்டார், ஆயில் இஞ்சின் ரிப்பேர் அவர் தொழில். ஒருநாள் தொண்டூரில் யாரோ மாட்டுக்கொட்டகையில் போட்டு வைத்திருந்த ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். "சார், இத மண் ரேஸ்ல ஓட்டப்போறேன்" என்றார். "பாய், உனக்கு இன்னா பைத்தியமா?" என்றேன்.

பைத்தியமில்லை, கழுத்தைப் பிடித்த கஷ்டம். மச்சான் சவூதியிலிருந்து விசா அனுப்பியிருந்தார். போனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஊர். முதல் பெண் அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தாள். "அந்தப் புள்ள என்ன ஃபோட்டோவுல பாத்து 'அத்தா'ன்னு கூப்புடக்கூடாது சார்" என்று திரும்பத் திரும்பச் சொல்வார். சென்னையில் ரேஸ் வண்டிகள் வைத்திருந்த ஒரு முதலாளி அவருக்கு ஒரு வழி காட்டியிருந்தார். நீ கட்டிய இஞ்சினில் ஒரு மண் ரேஸை முடித்துக் காட்டு, என் ஷெட்டில் வேலை தருகிறேன் என்றார். ஜெயிக்கக்கூட வேண்டாம், ஓடி முடித்தால் போதும்.

இஞ்சினைக் கட்டியது அவர் வீட்டு அடுப்பங்கரையில். சிலிண்டரை விழுப்புரம் லேத்தில் குடைந்து வந்து பெரிய பிஸ்டன் போட்டார். புகை போகிற வழியை அரத்தால் ராவி ராவி அகலப்படுத்தினார், ஒன்றரை மாதம். பேரிங் உட்கார வேண்டுமென்றால் இஞ்சின் கூட்டைச் சூடாக்க வேண்டும், பேரிங்கைக் குளிர வைக்க வேண்டும். சூட்டுக்கு மண்ணெண்ணெய் ஸ்டவ், குளிருக்கு மீன்காரரிடம் வாங்கிய ஐஸ். வாடை தாங்காமல் நான் கொல்லைப்பக்கம் ஓடினேன். "இன்னாண்ணே, பேரிங்குக்கு மீன் வாடை ஆவாதுன்னு உங்க சயின்ஸ்ல இருக்குதா?" என்று அவர் மனைவி நூர்ஜஹான் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. தினமும் ஐந்து மணி ஆனதும் பாய் அரத்தைக் கீழே வைத்துவிடுவார். "கெளம்பு சார், பொழுது போவுது. நீ பட்டினி கெடந்தா அந்தப் பாவம் என் இஞ்சின் மேல வுழும்" என்பார்.

இனி ரிங். பிஸ்டனைச் சுற்றிப் போடுகிற அந்த வளையத்தின் இரண்டு முனைகளுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் ரிங் நீண்டு சிலிண்டரை இறுகப் பிடித்துக்கொள்ளும். பாய் மூன்று தடவை அளந்தார். என்னையும் அளக்கச் சொன்னார். அளந்தேன், கச்சிதமாக இருந்தது. "இஞ்சினு பொய் சொல்லாது சார், நாமதான் சொல்லுவோம்" என்றார். அளந்தவன் நான், அதற்கு நானே சாட்சி.

ரேஸ் ஓசூர் தாண்டி ஒரு பொட்டல் காட்டில். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுவது என் வேலை. அந்த மாதிரி இஞ்சினுக்கு உள்ளே போகிற ஆயிலே அதுதான். டின்னில் துரு இருந்தது. பாய் ஒரு மெல்லிய தோலை என்னிடம் கொடுத்து, "இதுல வடிகட்டி ஊத்து சார், பிசிறு வுடாது" என்று சொல்லிவிட்டு செயினைப் பார்க்கப் போய்விட்டார். தோல். ஏதோ ஒரு ஆட்டின் தோல். எனக்குக் கை போகவில்லை. எங்கள் வீட்டில் வடிகட்டாத தண்ணீர் குடிக்கமாட்டோம். எந்த ஊருக்குப் போனாலும் அந்த வடிகட்டுகிற துணி கூடவே வரும். அதை நாலாக மடித்துப் பெட்ரோலை வடிகட்டினேன். தண்ணீருக்கே போதும், பெட்ரோலுக்கு என்ன என்று நினைத்தேன். சயின்ஸ் வாத்தியாராம், தூ!

மூன்றாவது சுற்றில் பாய் ஐந்தாவதாக வந்துகொண்டிருந்தார். நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். திடீரென்று பின்சக்கரம் பூட்டியதுபோல் நின்றது. பாய் தூக்கி எறியப்பட்டார். நான் ஓடிப்போனபோது இடது கை தொங்க, வலது கையால் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். பெட்ரோல் போகிற ஊசித்துளையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்து ஊதினார். ஒரு வெள்ளை நூல் பிசிறு வெளியே வந்தது. துளை அடைத்து, பெட்ரோலும் ஆயிலும் போகாமல், பிஸ்டன் காய்ந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. பாய் பிசிறைப் பார்த்தார். என் தோளில் கிடந்த துணியைப் பார்த்தார்.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். "இன்னாய்யா ஆச்சு?"

"ரிங்கு கேப்பு கம்மியா வெச்சுட்டேன் சார். என் தப்புதான்." பிசிறைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"ரிங்கு வெக்கத் தெரியாதவனுக்கு என் ஷெட்டுல இன்னா வேல?"

முதலாளி நடந்து போகிறார். நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கூப்பிட்டு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஐயோ, என் வாயில் என்ன அடைத்திருந்தது? இரண்டாம் மாதம் பாய் சவூதிக்கு விமானம் ஏறினார். இருபத்திரண்டு வருஷம். அந்தப் பெண் அவரை ஃபோட்டோவில் பார்த்துத்தான் அத்தா என்று கூப்பிட்டாள்.

இஞ்சின் ஜாம் ஆன கதை ஊருக்குத் தெரிந்து, அவர் ஜாம் பாய் ஆனார். ஒரு லீவில் வந்திருந்தபோது நான் அழுதுவிட்டேன். "பாய், அந்த நூல் என்னுது."

"தெரியும் சார். நீ தோலத் தொடமாட்டேன்னும் தெரியும். தெரிஞ்சும் உன் கையில குடுத்தேன் பாரு, அதான் தப்பு."

"ஊர்ல சொல்லிடறேன் பாய்."

"சொன்னா உனக்கு ஒரு பேரு வெப்பானுங்க. பசங்களுக்குப் பாடம் நடத்துறவன், நீ தாங்கமாட்ட. வுடு."

விட்டுவிட்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

அடக்கத்தன்று அந்தப் பெண் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தாள். "அத்தா பொட்டியில இருந்துச்சு மாமா. நீங்க தொடமாட்டீங்களாம், அம்மா பேப்பர்ல சுத்திக் குடுக்கச் சொன்னாங்க." வீட்டுக்கு வந்து பிரித்தேன். அந்தத் தோல். வெறுங்கையால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதில் ஒரு பிசிறு இல்லை.

அது இனி என்னிடம் இருக்கும். அதோடு இன்னொன்றையும் நான் எடுத்துக்கொள்கிறேன். அவரை இனிமேல் கரீம் பாய் என்று மட்டும் சொல்லுங்கள். ஜாம் வாத்தியார் என்று என்னைக் கூப்பிடுங்கள். நான் திரும்பிப் பார்க்கிறேன்.