பச்சைப் பொடிக்கு வெள்ளை என்று பெயர்

எங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் அழுகிய முட்டை நாறும். அதுகூடப் பழகிவிடும். செய்முறைத் தேர்வன்று அங்கே நாறுவது வேறு. அதுதான் எனக்கு இன்றுவரை குமட்டுகிறது. கொடுக்கப்போகிற உப்புக் கலவையில் என்னென்ன இருக்கிறது என்று முந்தின நாளே பெண்களின் போனுக்குப் போய்விடும். பிறகென்ன, விடையை வைத்துக்கொண்டு செய்யாத சோதனைகளை எல்லாம் செய்ததாக எழுதித் தள்ளுவார்கள்.

நான் பக்கத்து இயற்பியல் துறை ஆசிரியர். தையல்நாயகி வேதியியல். விரலெல்லாம் அமிலக் கறை, புடவையில் எப்போதும் பொத்தல். உப்பைக் கரைத்துப் பார்க்காமல் விடை எழுதுவதை எச்சில் இலையில் சாப்பிடுவதைப்போல அருவருப்பாள். ஒரு வருஷம் பொறுக்க முடியாமல், தேர்வன்று காலை யாரிடமும் சொல்லாமல் கலவையில் துத்தநாக உப்புக்குப் பதில் நிக்கல் உப்பைப் போட்டுவிட்டாள். துத்தநாகம் என்கிற ஜிங்க் உப்பு வெள்ளை, நிக்கல் உப்பு பச்சை. கண்டுபிடிக்கக் கண் இருந்தால் போதும்.

பத்துப் பெண்கள். ஒன்பது பேர் பச்சைப் பொடியைக் கையில் வைத்துக்கொண்டே ‘நிறம்: வெள்ளை’ என்று எழுதினார்கள். தூ! பேச்சித்தாய் ஒருத்திதான் கரைத்தாள், வடிகட்டினாள், கடைசிச் சோதனையில் ரோஜா நிற வீழ்படிவு வந்ததும் நிக்கல் என்று எழுதினாள். நேர்மை கீர்மை என்று அளக்க மாட்டேன். அவளிடம் போன் இல்லை.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பிரியாணி வருவதற்குள் திருத்தி முடித்துவிட்டார். கையில் துத்தநாகம் என்றிருந்த பழைய விடைக்குறிப்பு. ஒன்பது பேருக்கு முழு மதிப்பெண், பேச்சித்தாய் ஃபெயில். மேஜைமேல் மிச்சப் பொடி பச்சையாக இருந்ததை அந்த மனுஷன் ஏறிட்டும் பார்க்கவில்லை. தையல்நாயகி பதறிப்போய், என்னையும் இழுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போய், அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் உண்மையைச் சொன்னாள்.

“அப்ப ஒம்பது பேரும் ஃபெயிலா? வெளையாடுறீங்களா மேடம்?” என்றார், எலும்பை உறிஞ்சிக்கொண்டே.

முதல்வர் அம்மாள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

“உப்ப மாத்துனது வெளிய தெரிஞ்சா பரீட்சையே ரத்தாயிரும். ஒம்பது பேரத் திருத்துறது சுலபமா, ஒருத்தியவா? அந்தப் பிள்ளையக் கூப்பிட்டு வேற தாள்ல எழுத வைங்க. இல்லன்னா அதுக்கு டிகிரி கெடையாது, அம்புட்டுதான்.”

எனக்கு அந்த அறையில் நிற்கவே கூசியது. தையல்நாயகி தாளை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனாள். பின்னாலேயே நானும் போனேன்.

“பேச்சி, ஜிங்க்னு எழுதிரும்மா.”

“மேடம், மூணு தடவ பாத்தேன். நிக்கல்தான். இந்தா, ரோஸ் கலர்ல நிக்குது பாருங்க.”

“தெரியும்டி. நீ எழுதுனதுதான் சரி. ஆனா அத எழுதுனா ஃபெயில் போட்டுருவாங்க.”

பேச்சித்தாய் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு புதுத் தாளை இழுத்துப் போட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தாள்.

“அப்ப நிறம் வெள்ளைன்னே போடணுமா மேடம்?”

“ஆமா” என்றாள் தையல்நாயகி.