பிடிக்காதவனின் பாட்டு

அந்தப் பாடகனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியைக் கேட்டுவிட்டு யாரும் என்னை வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது என்ற பயம் இன்னும் எனக்கு இருக்கிறது.

அவன் அமெரிக்கப் பாணியில் பர்மியக் கன்ட்ரி பாட்டுப் பாடுகிறவன். கிடார், மவுத் ஆர்கன், தலையில் அகலமான தொப்பி, காலில் பூட்ஸ். ரங்கூன் வெயிலில் அந்த பூட்ஸை எப்படித்தான் போட்டுக்கொண்டு நிற்கிறானோ. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு புத்தாண்டு நிகழ்ச்சியில், குடித்துவிட்டு மேடையேறிய அவன் எங்களைப் போன்ற இந்திய முகங்களைப் பற்றி ஒரு நகைச்சுவை சொன்னான். தெருவில் எங்களை மட்டம் தட்டச் சொல்வார்களே அந்த ஒற்றைச் சொல், அதைச் சொல்லிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டான். கூட்டம் சிரித்தது. நாங்கள் வீட்டில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். என் கணவர் எழுந்துபோய் டிவியை அணைத்தார்.

பிறகு ராணுவம் ஆட்சியைப் பிடித்து நாட்டில் எல்லாம் தலைகீழான காலம் வந்தது. பல பாடகர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். சிலர் ஊரைவிட்டே போனார்கள். இவன் மட்டும் ராணுவத்தார் நடத்திய விழாக்களில் தொப்பியோடு போய் நின்று பாடினான். அதோடு டீக்கடைகளில் அவன் பாட்டு நின்றது. அவன் பெயரைச் சொல்லவே ஜனங்கள் கூசினார்கள். எனக்கு அவனை வெறுக்க மற்றவர்களைவிட ஒரு காரணம் அதிகம். அவ்வளவுதான்.

அவனுடைய அந்த ஆல்பம் என்னிடம் வந்தது தற்செயலாக. பழைய போன் போய்விட்டதென்று வேறொன்று வாங்கினேன். கடைக்காரர் மெமரி கார்டு நிறையப் பாட்டு ஏற்றிக் கொடுத்தார். கரண்டு போன ஒரு சாயங்காலம், சமைத்துக்கொண்டே எதையோ அழுத்தினேன். ஒரு கிடார் மட்டும் மெதுவாகத் தொடங்கியது. ஒருவன் பழைய லாரியை ஓட்டிக்கொண்டு போகிறான். பக்கத்தில் அவன் அம்மா தூங்குகிறாள். மழை வருகிறது. ஜன்னல் கண்ணாடியை ஏற்றினால் சத்தத்தில் அவள் விழித்துக்கொள்வாளோ என்று அவன் நனைந்துகொண்டே ஓட்டுகிறான். பாட்டில் இருப்பது இவ்வளவுதான். நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். மேடையில் அவன் போடும் கத்தலும் குழைவும் இதில் துளிகூட இல்லை. அடுத்த பாட்டின் நடுவில்தான் அது யார் குரல் என்று எனக்கு உறைத்தது.

உடனே நிறுத்தினேன். மறுநாள் திரும்பவும் போட்டேன்.

அதிலிருந்து அது என் திருட்டுத்தனமாக ஆகிவிட்டது. ஒரு காதில் மட்டும் இயர்போன், மற்றக் காதை வீட்டுக்கு விட்டுவைப்பேன். என் கணவர் போட்டாதாங் படகுத்துறையில் சரக்கு ஏற்றி இறக்குவதைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறார். அவர் மாடிப்படி ஏறிவரும் சத்தம் கேட்டதும் பாட்டை நிறுத்திவிடுவேன். ஒருநாள் பிடிபட்டேன்.

"யாரு பாட்டு அது?"

"சும்மா, மச்சான். கடைக்காரன் ஏத்தினது."

அவர் இயர்போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். முகம் மாறியது. "இந்தப் பயலா? நம்மளப் பார்த்து மூக்கப் பொத்துனவனா?" என்றார். இயர்போனைக் கீழே வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

நான் வேலை செய்வது லத்தா பகுதியில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில். என்னோடு வேலை செய்தவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவளும் தமிழ்தான். துறைமுக வேலைக்கு வந்த குடும்பம், மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். பாதி பர்மியும் பாதி தமிழுமாகத்தான் பேசுவாள். அவளுடைய தம்பி ஊரைவிட்டுப் போயிருந்தான். எங்கே என்று அவள் சொன்னதில்லை. ராணுவத்தை எதிர்த்துச் சண்டை போடுகிறவர்களோடு காட்டுப் பக்கம் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். அந்தப் பாடகனின் படம் எங்காவது கண்ணில் பட்டால் அவள் தெருவில் காறித் துப்புவாள். அவளுக்குத் தெரியாமல் நான் அவன் பாட்டைக் கேட்டுவந்தேன்.

ஊருக்கு வெளியே மாவ்பி சந்தைப் பக்கத்தில் கண் பரிசோதித்துக் கண்ணாடிக்கு அளவெடுத்துவர எங்கள் முதலாளி அவ்வப்போது இரண்டு பேரை அனுப்புவார். அந்த முறை எங்கள் இருவரையும் அனுப்பினார். வழியில் ராணுவத்தாரின் செக்கிங் இருக்கும் என்பதால் கிளம்புவதற்கு முன் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். போனைக் கழுவுவது என்று அதைச் சொல்வோம். ஃபேஸ்புக்கை எடுத்துவிட வேண்டும். தடையைத் தாண்டும் வீபிஎன்னை எடுத்துவிட வேண்டும். யாரோ அனுப்பிய செய்திப் படங்கள், கேலிப் படங்கள், உறவுக்காரர்களோடு பேசியது எல்லாம் போக வேண்டும். துடைத்துவைத்த தட்டு மாதிரி ஆக்கினேன். பாட்டுகளைத் தொடவில்லை. பாட்டுதானே என்று இருந்துவிட்டேன்.

போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. வேலை முடிந்து, மதியத்துக்குமேல் பஸ்ஸில் திரும்பினோம். லென்சுகள் அடுக்கிய பெட்டி என் மடியில். அவள் ஜன்னலோரம். பஸ் மெதுவாகி நின்றது. முன்னால் நீளமாக வண்டிகள். ஓட்டுநர் ரேடியோவை அணைத்தார். அதிலிருந்தே எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

அப்போதுதான் அவள் என் பக்கம் சாய்ந்தாள்.

"அக்கா. நா இன்னிக்கி போன் மாத்தி எடுத்தாரல."

சாதாரணமாகப் பயணத்துக்கு அவள் ஒரு வெற்றுப் போன் வைத்திருப்பாள். அதில் ஒன்றுமே இருக்காது.

"ஏன்டி?"

"தம்பி இன்னிக்கிப் பேசறேன்னு சொன்னான். இந்த நம்பர்தான் அவனுக்குத் தெரியும்."

"அழி. இப்பவே அழி."

"கை வரல அக்கா." அவள் போனை மடியில் கவிழ்த்தாள். "அவன் போட்டோ இருக்கு. துப்பாக்கியோட."

நான் அவள் போனை வாங்க நீட்டிய கை அப்படியே நின்றது. இரண்டு சிப்பாய்கள் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். ஒருவன் முன்வாசலில் துப்பாக்கியோடு நின்றுகொண்டான். மற்றவன் ஒவ்வொரு வரிசையாக வந்தான். சின்ன வயது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அடையாள அட்டை, போன். அடையாள அட்டை, போன். நடுவரிசையில் ஒரு வாலிபனின் போனை அதிக நேரம் பார்த்தான். பிறகு அவனைக் கீழே இறங்கச் சொன்னான். அவன் தன் பையை எடுக்கக் குனிந்தான். "பை வேண்டாம்" என்றான் சிப்பாய். அந்தக் காலி இருக்கையில் பை மட்டும் இருந்தது.

ஓத வேண்டும் என்று நினைத்தேன். சின்ன வயதிலிருந்து தெரிந்த குர்ஆன் ஆயத்து, முதல் சொல்கூட வரவில்லை. பக்கத்தில் இருந்தவளைக் கட்டிப்பிடித்தால் சிப்பாய் கவனிப்பான், பிடிக்காவிட்டால் அவள் அழுதுவிடுவாள். பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சிப்பாய் என் அட்டையைப் பார்த்தான். மதத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். "போன்."

கொடுத்தேன். படங்கள் இல்லை. செய்திகள் இல்லை. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

"அமா," என்றான். அமா என்றால் அக்கா. "ஏன் இவ்வளவு காலியா இருக்கு? எல்லாத்தையும் அழிச்சிட்டியா?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. "புதுப் போன்" என்றேன். என் பர்மியே எனக்குக் கோணலாகக் கேட்டது.

அவன் நம்பவில்லை. இன்னும் உள்ளே போனான். பாட்டுகளைத் திறந்தான். விரல் நின்றது. தொப்பி போட்ட அந்த முகம் திரையில் இருந்தது.

"இவர் பாட்டு கேட்பியா?"

ஆமாம் என்றால் பஸ் முழுக்கக் கேட்கும். இல்லை என்றால் பொய். பொய் சொன்னால் இன்னும் தோண்டுவான்.

"கேட்பேன்," என்றேன்.

"எது பிடிக்கும்?"

"லாரி ஓட்டுற பாட்டு. அம்மா தூங்குற பாட்டு."

அவன் அதை அழுத்தினான். இயர்போன் இல்லாமல் அந்தப் பாட்டை நான் வெளியில் கேட்டதே கிடையாது. கிடார் பஸ் முழுக்கப் பரவியது. முன்னால் இருந்த ஒரு வயதான பெண்மணி திரும்பி என்னைப் பார்த்தார். சிப்பாயைப் பார்க்கவில்லை, என்னைத்தான். யாரோ ஜன்னல் வழியாக வெற்றிலைச் சாற்றைத் துப்பும் சத்தம் கேட்டது. சிப்பாய் போனைப் பிடித்தபடி இருக்கையில் சாய்ந்து நின்றான். துப்பாக்கியின் பட்டை என் முழங்கையில் உரசிக்கொண்டிருந்தது. பாட்டில் மழை வந்தது. அவன் உதடு கூடவே அசைந்தது.

"எங்க ஊர்லயும் இப்படித்தான் ரோடு," என்றான்.

நான் தலையாட்டினேன். பாட்டு முடிந்துவிடக் கூடாது என்று அல்லாவிடம் கேட்டேன். முடிந்ததும் அவன் கை அடுத்து நீளப்போவது ஜன்னலோரத்துக்குத்தான்.

கீழேயிருந்து அதிகாரி ஒருவர் கத்தினார். வரிசை நீண்டுவிட்டது, வண்டியை விடு என்றார். சிப்பாய் பாட்டை நிறுத்தினான், மனமில்லாமல். போனை என் மடிமேல் வைத்தான். அவளைப் பார்த்து, "இது யார்?" என்றான்.

"என் தங்கச்சி. கூட வேலை பார்க்கிறா."

அவள் அடையாள அட்டையை மட்டும் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். பின்வரிசைகளுக்குப் போகாமலேயே இறங்கிவிட்டான். பஸ் கிளம்பியது. அந்த வாலிபன் ஏறவில்லை. அவன் பை இருக்கையில் ஆடிக்கொண்டே வந்தது. அதை யாரும் தொடவில்லை.

தப்பித்துவிட்டோம் என்று சந்தோஷம் வரவில்லை. சாலையில் எந்தப் பச்சை ராணுவ வண்டியைப் பார்த்தாலும் திருப்பிக் கூப்பிடப்போகிறார்கள் என்றே தோன்றியது. ரங்கூனில் இறங்கியதும் அவள் "வரேன்" என்றுகூடச் சொல்லாமல் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

என் கணவரிடம் சொன்னேன். பாதியில் அவர் எழுந்துபோய்ப் பானையைத் திறந்தார். தண்ணீர் குடித்தார். "அந்தப் பையன யாருன்னு தெரிஞ்சுதா?" என்று இறங்கியவனைப் பற்றிக் கேட்டார். தெரியவில்லை என்றேன். இன்றுவரை தெரியவில்லை.

கடையில் அவள் என்னோடு வேலைக்குத் தேவையான வார்த்தைகள் மட்டும் பேசினாள். ஃப்ரேம் எடு, பெட்டியை நகர்த்து. நான் பயந்துகொண்டே இருந்தேன். முதலாளியிடம் சொல்லுவாளோ, தெருவில் சொல்லுவாளோ. இந்த மாதிரிக் காலத்தில் ஒரு பெண் யார் பக்கம் என்று ஒரு வதந்தி கிளம்பினால் போதும், இரண்டு பக்கத்திலிருந்தும் ஆபத்து. ஜெனரேட்டர் கத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கடையில் ஆளில்லாதபோது, அவளே ஆரம்பித்தாள்.

"எப்பலேர்ந்து கேக்குற?"

"ரொம்ப நாளா."

"அவன் நம்மளச் சொன்னது தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

"அவனுங்களோட நிக்கிறது தெரிஞ்சுமா?"

"ஆமா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கண்ணாடித் துடைக்கும் துணியை மடித்தாள், பிரித்தாள்.

"அன்னிக்கி பஸ்ல அந்தப் பாட்டு நிக்கக் கூடாதுன்னு மாரியம்மாகிட்ட வேண்டிக்கிட்டேன் அக்கா. அந்த நாய் இன்னும் பாடணும், இன்னும் பாடணும்னு. ஒம்மேலகூட கோவம் இல்ல. அத நெனச்சாத்தான் எனக்கு ஒடம்பெல்லாம் எரியுது."

நானும் அதையேதான் கேட்டேன் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். அதற்குள் ஒருவர் வந்து வாசிப்புக் கண்ணாடி கேட்டார்.

மழைக்காலம் முடியும் முன்னால் அவள் அம்மாவை அழைத்துக்கொண்டு எல்லைப் பக்கம் போக முடிவு செய்தாள். வழியில் எத்தனையோ செக்கிங். கடைசி நாள் வேலை முடிந்து கதவை இறக்கும்போது போனை நீட்டினாள். எல்லாம் கழுவிய போன்.

"அத எனக்கு அனுப்பிவிடு அக்கா. முழுசா காலியா இருந்தா சந்தேகப்படுவானுங்க."

அனுப்பினேன். ஒவ்வொரு பாட்டாக ஏறியது. முடியும்வரை நாங்கள் இருவரும் அந்தத் தொப்பி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் என் கையைப் பிடித்தாள், விட்டாள், போனாள். அவளிடமிருந்து தகவல் வரும்வரை நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒருநாள் "சேந்துட்டோம்" என்று ஒரே ஒரு வார்த்தை வந்தது. வழியில் பாட்டு உதவியதா என்று நான் கேட்கவில்லை.

அண்மையில் அவன் புது ஆல்பம் போட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். வாசல் கதவைத் தாழ்போட்டுவிட்டு ஒரு பாட்டைக் கேட்டுப் பார்த்தேன். தட்டையாக இருந்தது. இன்னொன்று கேட்டேன், அதுவும் அப்படித்தான். இவனுடைய புதுப் பாட்டு எதுவும் பிடித்துவிடவில்லை என்று எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, சத்தத்தைக் குறைத்து, பழையதையே போட்டேன்.