மிஷின் நின்ற பிறகு மூன்று நிமிஷம்

கிளைகளை அரைத்துத் தூளாக்கும் சிப்பர் மிஷினை ஓட்ட யாருக்கும் வரும். நிறுத்திவிட்டுச் சும்மா நிற்கத்தான் வராது.

என்னைப்போல் இந்த மிஷினோடு மாரடிக்கிறவர்களுக்கு இது புரியும். இன்ஜினை ஆஃப் செய்தாலும் உள்ளே பிளேடு மாட்டிய டிரம் உடனே நிற்காது. எங்கள் மிஷினில் மூன்று நிமிஷம் சுற்றும். அதுவரை சாவி என் பையில், கைகள் மிஷினுக்கு வெளியே. பார்க்கிறவர்களுக்கு நாங்கள் வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறோம்.

ஆணி

சேலையூரில் ஒரு புங்கமரம் சாய்ந்துவிட்டது. டியூஷன் போர்டு, வாடகைக்கு வீடு என்று அடிமரம் முழுக்க ஆணி. ஒரு ஆணி உள்ளே போனால் பிளேடு பல்லிளித்துவிடும். உடைந்த துண்டு யார் கண்ணுக்கு வரும் என்றும் சொல்ல முடியாது. நானும் என் கூட்டாளி செல்வமும் குறடு வைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

"மரம் அரைக்க வந்தீங்களா, பழைய இரும்பு பொறுக்க வந்தீங்களா?"

மஞ்சள் சேலை

பள்ளிக்கரணை அடுக்ககத்தில் மழைக்கு வேப்பமரம் விழுந்தது. அம்மனுக்குச் சாத்திய சேலை மரத்தைச் சுற்றி இருந்தது. துணி, மரத்தை உள்ளே இழுக்கும் உருளையில் சுற்றிக்கொண்டால் பிடித்திருக்கிற கையையும் சேர்த்து இழுக்கும். கன்னத்தில் போட்டுக்கொண்டு, முடிச்சு முடிச்சாக அவிழ்த்தேன். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது.

"அவிழ்க்கறதுதான்பா சாமி குத்தம். அப்படியே உள்ள விட்டிருந்தா மரத்தோட மரமா போயிருக்கும்ல?"

கேளம்பாக்கம்

தனி வீடு, தென்னை மட்டைகள். பச்சை மட்டையின் நார் டிரம்மில் அடைத்துக்கொண்டது. ஆஃப் செய்து சாவியைப் பையில் போட்டேன். டீசல் கேன் எடுக்கத் தெருமுனையில் நின்ற வண்டிக்குப் போனேன். அதை அப்போது எடுக்கவேண்டிய அவசரமே இல்லை. அந்த நேரத்தில் வீட்டுக்காரர் வந்து, செல்வத்தைப் பார்த்து வாட்ச்சையும் பார்த்திருக்கிறார். செல்வம் டிரம் மூடியின் போல்ட்டைக் கழற்றிக் கையை விட்டுவிட்டான். டிரம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

அந்த ஆள்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. செல்வத்தைத் தனியாக விட்டுப்போன என்மேல் அதைவிட அதிகம். ஆஸ்பத்திரியில் அதை மறைக்கத்தான் அவனிடம் கத்தினேன். "ஆறு வருஷமா ஓட்டுற. டிரம் நிக்காம கை வெக்கக்கூடாதுன்னு தெரியாதாடா?"

கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி செல்வம் சொன்னான்: "தெரியும்ணா. அந்தாளு மொறச்சிகினே நின்னாரு. சும்மா நிக்கறதுக்கு வெக்கமா இருந்துச்சு."

இந்த மிஷினில் ஆபத்தான பாகம் பிளேடு என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். பக்கத்தில் கைகட்டி நின்று பார்க்கிறவரை எப்படி ஆஃப் செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை.