பனிக்கு வைத்த நேர்த்தி

நான் பனிச்சறுக்கு விளையாடுகிறவள் என்று கிழக்கு லண்டனில் ஒரு ஆசிரியை ஒரு குளிர்காலம் முழுவதும் நம்பிக்கொண்டிருந்தார். நான் வேலை செய்வது மனோர் பார்க்கில் ஒரு ஆரம்பப் பள்ளியின் சமையலறையில். தலையில் வலை, கையில் கரண்டி, முன்னால் அவித்த பட்டாணியும் மசித்த உருளைக்கிழங்கும். காலையில் வீட்டுக் கணினியில் சுவிஸ் மலையூர் ஒன்றின் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் புறப்படுவேன். மனம் கேட்காத நாட்களில் இடைவேளையில் பள்ளி நூலகத்துக் கணினியிலும் ஒருமுறை பார்ப்பேன். அங்கேதான் அந்த மிஸ் என்னைக் கண்டுபிடித்தார். திரையில் ஒரு மலை. அதன் கீழே உச்சியில் எவ்வளவு பனி, ஊருக்குள் எவ்வளவு, எந்தச் சரிவு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்ற விவரம். அவர் முகம் மலர்ந்துவிட்டது. மாசி விடுமுறைக்கு அவரும் குடும்பமும் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குத்தான் போகிறார்களாம். நீங்களும் போவீர்களா என்று கேட்டார். என் தம்பி அங்கேதான் இருக்கிறான் என்றேன். கொடுத்துவைத்தவர் என்றார். விளக்கம் சொல்லப் போனால் மணி அடித்துவிடும், சும்மா தலையாட்டினேன். அன்றிலிருந்து சாப்பாட்டு வரிசையில் தட்டை நீட்டும்போதெல்லாம் “பனி வந்ததா?” என்று கேட்பார். “நோ ஸ்நோ, மிஸ்” என்பேன். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பெருமூச்சு விடுவோம்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். பனி என்றால் நீங்கள் அஞ்சலட்டையில் பார்த்த அழகு அல்ல. அந்த மலையூர்களில் பனிதான் விளைச்சல். அது விழுந்தால் வெள்ளைக்காரர் வருவார்கள், வந்தால் ஹோட்டல் நிரம்பும், நிரம்பினால் தட்டுக் கழுவ ஆள் வேண்டும். இரண்டாயிரத்து ஆறு மார்கழியில் பனி வரவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கும் வரவில்லை. கணினிப் பக்கத்தில் மலை மண்ணிறமாகக் கிடந்தது, நடுவில் மட்டும் இயந்திரத்தால் தூவிய வெள்ளைக் கோடு ஒன்று. என் தம்பி ஜெயந்தன் அங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவினான். அவனிடம் இருந்தது அந்த நாட்டில் தற்காலிகமாகத் தங்குவதற்கான அட்டை. நாங்கள் எல்லாரும் அதைக் கார்ட் என்போம். அதை நிரந்தரக் கார்டாக மாற்ற விண்ணப்பித்திருந்தான். வேலையில் இருக்கிறவனின் விண்ணப்பத்தைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள், அரசாங்கக் காசில் சாப்பிடுகிறவனுடையதை ஓரமாக வைத்துவிடுவார்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து எங்கள் நாட்டில் சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. வெள்ளை வான் வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போன கதைகள் நாளுக்கொன்றாக வந்தன. கார்ட் கிடைக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் காலையில் முதல் வேலையாக அந்தப் பக்கத்தைத் திறந்தேன். தம்பி தொலைபேசியில் ஒரே பாட்டுத்தான் பாடினான்.

“அக்கா, தைக்குள்ளை ஸ்நோ கொட்டாட்டி என்னை நிப்பாட்டிப் போடுவாங்கள். முதலாளி சொல்லிப்போட்டார்.”

முன்பு பனி நன்றாக விழுந்த ஒரு வருடம் அந்த ஊருக்கு ஒருமுறை போயிருக்கிறேன். நாங்கள் ஹாலந்தில் பத்து வருடம் இருந்து, அந்த நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்து, பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்கவேண்டும் என்று லண்டனுக்கு வந்தவர்கள். எனக்குப் போகலாம், அவனுக்குத்தான் வர ஏலாது. ஹோட்டலின் முன்பக்கம் கண்ணாடியும் தேக்கும். வேலைக்காரரின் அறைகள் அடித்தளத்தில். தம்பியின் யன்னலைப் பனி பாதிக்கு மேல் மூடியிருந்தது, பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு இருந்தோம். அவனோடு வேலை செய்த மனுவேல் என்ற போர்த்துக்கேயன் தன் கட்டிலை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, துணி அடுக்கும் அறையில் போய்ப் படுத்தான். என் கால் சப்பாத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தன்னுடைய தடித்த கம்பளிச் சொக்ஸ் இரண்டு சோடியைக் கொண்டுவந்து தந்தான். வருடம் முழுக்க வேலையுள்ள ஆள் அவன். கோடையில் ஹோட்டலைப் பூட்டினாலும் பெயின்ற் அடிக்க, குழாய் பார்க்க அவனை வைத்திருப்பார்கள். தம்பி குளிர்காலத்துக்கு மட்டும். மூன்று நாள் நின்றேன். ஒருவர்கூட அந்த வேலைக்காரரில் சறுக்கி விளையாடி நான் காணவில்லை. அவர்கள் பனியை வழித்தார்கள், உப்புப் போட்டார்கள், உள்ளே வந்து கையை வெந்நீரில் வைத்தார்கள்.

தை பிறந்தும் மலை மண்ணிறமாகவே கிடந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்த கையோடு சர்ச் றோட் முருகன் கோயிலுக்குப் போனேன். வழக்கமாக நான் கேட்பது பிள்ளைகளின் படிப்பும் என் வீட்டுக்காரர் இவருடைய முதுகு நோவும்தான். அன்றைக்குப் பனி கேட்டேன். ஊரில் மழை கேட்டுப் பொங்கியிருக்கிறோம், யாரும் எங்களைப் பைத்தியம் என்று சொல்லவில்லை. குன்று இருக்கும் இடமெல்லாம் உன்னுடைய இடம் என்று சொல்லித்தானே கும்பிடுகிறோம், அப்படியென்றால் ஆல்ப்ஸ் மலையும் உன் பொறுப்புத்தான் என்று உரிமையோடு சண்டை பிடித்தேன். பனியைக் கொட்டு, கொட்டோ கொட்டென்று கொட்டு, என் தம்பியின் கையில் கார்ட் வந்த அடுத்த திருவிழாவில் உனக்குப் பாற்குடம் எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். அப்டன் பார்க்கில் கடைகளுக்கு மரக்கறி இறக்கிவிட்டு வந்து சோபாவில் சாய்ந்திருந்தவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “உன்ரை சொல்லுக்கு ஆல்ப்ஸ் மலை அசையுமெண்டால், முதல்லை எங்கட பொய்லரைத் திருத்தித் தரச் சொல்லிக் கேள்.”

அந்த மாதக் கடைசியில் கொட்டியது. காலையில் கணினியைத் திறந்தால் மலையைக் காணவில்லை, திரை முழுக்க வெள்ளை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அப்படித்தான். பக்கத்தின் மேலே பெரிய எழுத்தில் அருமையான நிலைமை, புத்தம்புதுப் பனி, எல்லாச் சரிவுகளும் திறந்துள்ளன என்று போட்டிருந்தார்கள். தம்பியை முழுநேரமும் வரச் சொல்லிவிட்டார்கள். நான் சமையலறையில் ஆடாத குறை. மிஸ் வரிசையில் வரும்போதே “ஸ்நோ, மிஸ்!” என்று கத்திவிட்டேன். அவர் தட்டை மேசையில் வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

நான்கைந்து நாள் கழித்து, நான் மாலையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது தம்பியின் போன் வந்தது. வழக்கமாக அக்கா என்று கூப்பிட்டுவிட்டு என்ன சமையல் என்று கேட்பான். அன்றைக்குக் கேட்கவில்லை.

“அக்கா, மனுவேல் செத்துப் போனான்.”

ஹோட்டலின் பின்பக்கம், சமையலறைக் கதவுக்கு வெளியே, குப்பைத் தொட்டிகள் நிற்கிற இடத்தைப் பனி மூடிவிட்டது. இரண்டு பேரும் மண்வாரியோடு வழிக்கப் போயிருக்கிறார்கள். நடுவில் உப்பு எடுத்துவரத் தம்பி உள்ளே போனான். அந்த நேரம் கூரையில் நாள்கணக்காக ஏறியிருந்த பனி மொத்தமும் ஒரே சரிவாகச் சரிந்து மனுவேலின் மேல் விழுந்தது. அந்த ஊரில் அதற்கு ‘டாக்லவீன’ என்று தனிப்பெயரே இருக்கிறதாம், அடிக்கடி நடக்கிறதுக்குத்தானே பெயர் வைப்பார்கள். விழுந்த பனி மெத்தை போல இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். சீமெந்து மாதிரி இறுகியிருந்தது என்றான் தம்பி. மண்வாரியும் உள்ளே புதைந்துவிட்டதால் பாத்திரம் அடுக்கும் தட்டத்தாலும் கையாலும் தோண்டியிருக்கிறான். மற்றவர்கள் ஓடிவந்து வெளியே எடுத்தபோது மூச்சு இல்லை. அன்று இரவுச் சாப்பாடு நேரத்துக்குப் பரிமாறப்பட்டது என்று சொல்லிவிட்டு அவன் அழத் தொடங்கினான். நான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அருமையான நிலைமை என்றே இருந்தது.

மிஸ் விடுமுறை முடிந்து வந்தார். முகம் வெயிலில் சிவந்து, கண்ணாடி போட்டிருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. எனக்கென்று சொக்லேட் பெட்டி ஒன்று கொண்டுவந்திருந்தார். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு பனியைக் கண்டதில்லை என்றார். வாங்கிக்கொண்டு நன்றி சொல்லியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. அங்கே ஒரு ஆள் பனிக்குள் அகப்பட்டுச் செத்துவிட்டான் மிஸ் என்றேன். அவர் முகம் வாடியது. “பாதையை விட்டு வெளியே போய்ச் சறுக்கினாரா? எவ்வளவு சொன்னாலும் கேட்கிறார்கள் இல்லை” என்றார். “இல்லை மிஸ், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில்” என்றேன். நான் தட்டில் பட்டாணி வைத்தேன். அதன் பிறகு அவர் பனியைப் பற்றிப் பேசவில்லை, நல்ல மனிசி, என்னைக் கண்டால் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்பார்.

மனுவேலின் வேலையை என் தம்பிக்குக் கொடுத்தார்கள். வருடம் முழுக்க உள்ள வேலை. பெயின்ற், குழாய், கூரை எல்லாம் இனி அவன் பொறுப்பு. ஒப்பந்தக் கடிதத்தை வக்கீல் அனுப்பிவைத்தார். அடுத்த வருடம் வசந்தத்தில் கார்ட் வந்தது. நான் சந்தோஷப்பட்டேன், அதை மறைக்கமாட்டேன். வீட்டுக்குள் நடந்து நடந்து அழுதேன். அந்தச் சந்தோஷத்தில்தான் தம்பியிடம் நேர்த்தியைச் சொல்லிவிட்டேன். முருகன் கைவிடவில்லையடா, நான் கோயிலில் ஸ்நோ கேட்டு நேர்ந்தேன், கேட்டதைத் தந்துவிட்டார் என்றேன்.

“எவ்வளவு கேட்டனீங்கள், அக்கா?” என்றான்.

கோபமாகக் கேட்கவில்லை. கடையில் சாமான் விலை கேட்கிற மாதிரி மெதுவாகத்தான் கேட்டான். நான் அளவு சொல்லிக் கேட்டிருக்கவில்லை. அவன் ஷிப்டுக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பாற்குடம் எடுத்தால் அந்தப் பனி நான் கேட்டு விழுந்தது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். எடுக்காமல் விட்டால் கிடைத்த கார்டுக்கு என்ன நடக்குமோ என்று பயம். ஐரோப்பா முழுக்க விழுந்த பனிக்கு நீ ஒருத்தி எப்படிப் பொறுப்பு என்று இவர் கேட்டார். சரிதான். அப்படியென்றால் தம்பியின் கார்டும் நான் கேட்டுக் கிடைத்தது இல்லை, பிறகு எதற்குப் பாற்குடம் என்று திருப்பிக் கேட்டேன். எனக்கு முருகன் மேல் கோபம் வந்தது. நான் கேட்டது என் தம்பிக்கு வேலை. அதற்காக இன்னொருத்தியின் தம்பியை எடுக்கச் சொல்லி யார் கேட்டது?

கார்ட் கிடைத்ததும் தம்பி முதலில் லண்டனுக்குத்தான் வருவான் என்று செவன் கிங்ஸ் வரை உள்ள சனத்துக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். மேல்மாடி அறைக்குப் புதுத் திரைச்சீலையும் போட்டேன். கோடையில் ஹோட்டலில் அவனுக்கு லீவு கொடுத்தபோது பயணப் பத்திரமும் விசாவும் எடுத்துக்கொண்டு, மனுவேலின் மச்சான் ஒருத்தனின் காரில் போர்த்துக்கல்லுக்குப் போனான். லண்டனுக்குப் பிறகு வாறன் அக்கா என்றான். எனக்கு மனம் நொந்தது. ஆனால் நீ செய்வது பிழை என்று சொல்ல முடியவில்லை.

திருவிழா வந்தது. கடைசியில் நான் பாற்குடம் எடுத்தேன், பயத்தில்தான் எடுத்தேன். குடத்தைத் தலையில் வைத்து வெறுங்காலோடு சர்ச் றோட்டில் மற்றப் பெண்களோடு நடந்தேன். பக்கத்தில் வந்த பெண் என்ன நேர்த்தி என்று கேட்டாள். தம்பிக்குக் கார்ட் கிடைத்தது என்றேன். நல்லது என்றாள். பாலைக் கொடுத்துவிட்டு ஈரச் சேலையோடு வெளியே வந்து சப்பாத்துத் தேடிக்கொண்டிருக்கும்போது கைப்பையில் போன் அடித்தது.

“அக்கா, மனுவேலின்ரை வீட்டிலை நிக்கிறன். அவன்ரை அக்கா உங்களோடை கதைக்க வேணுமாம்.”

“என்ன பாஷையிலை கதைக்கிறது?”

“தெரியேல்லை. கதையுங்கோ.”

ஒரு பெண்ணின் குரல் வந்தது. என் வயதுதான் இருக்கும். நீளமாக என்னவோ சொன்னாள். மனுவேல் என்ற பெயரும் ஜெயந்தன் என்ற பெயரும் மட்டும் எனக்கு விளங்கின, ஜெயந்தனை அவள் வேறு மாதிரி உச்சரித்தாள். பிறகு நிறுத்தினாள். இனி என் முறை. ஒரு காதில் எங்கள் மேளமும் நாதசுரமும் முழங்க, மற்றக் காதில் நான் ஒருநாளும் காணாத வீடு ஒன்று பேசாமல் காத்திருந்தது. நான் தமிழில் தொடங்கினேன். இவருக்கும் தம்பிக்கும்கூட முழுதாகச் சொல்லாததை அவளுக்குச் சொன்னேன். வெள்ளிக்கிழமை, கோயில், தற்காலிகக் கார்ட், நான் பிடித்த சண்டை, கொட்டோ கொட்டென்று கொட்டு என்று கேட்டது எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பனி நான் கேட்டது, பிள்ளை என்றேன். அவள் ஒருமுறையும் குறுக்கே பேசவில்லை. இடையிடையே ஸிம், ஸிம் என்று ‘உம்’ கொட்டுகிற மாதிரிச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்து அழுதேன், அவளும் அழுதாள். பிறகு அவள், போர்த்துக்கேய மொழியில் எனக்குத் தெரிந்த ஒரே சொல்லைச் சொன்னாள். எங்கள் பள்ளிச் சமையலறையில் என்னோடு வேலை செய்கிற பெண் ஒவ்வொரு தட்டையும் வாங்கும்போது சொல்கிற சொல்.

“ஒப்ரிகாடா” என்றாள். நன்றி என்று அர்த்தம்.